லட்சம் கோடிக்கு ஒரு மார்க்

மதுரை, ருத்ரோத்காரி வருஷம் தை மாதம் 14ந் தேதி.

சிரஞ்சீவி துளசிராமுக்கு உன் தகப்பனின் ஆசீர்வாதம். மீனாட்சி கிருபையில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான். உனக்கும் பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதியாகிவிட்டது, இனி உள்ளதை எழுதுகிறேன்.

உன் மார்கழி மாதக் கடிதம் வந்தது. ஜெர்மனி மார்க் இன்னும் தெளியும், அவசரப்பட்டு விற்க வேண்டாம் என்கிறாய். வாங்க ஆள் இருந்தால்தானே அப்பா விற்பதற்கு? அதோடு விட்டாயா, இப்போது பிரெஞ்சு பிராங்க் மலிவு, கொஞ்சம் வாங்கிப் போட்டால் மார்க்கில் போனதைப் பிராங்கில் எடுத்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. முதல் வரிக்கே அவள் நம் சௌராஷ்டிர பாஷையில் திட்டியதைத் தமிழில் எழுத முடியாது.

துன்மதி வருஷம் தீபாவளிக்கு முந்தி நீ எழுதிய கடிதத்தை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். ஜெர்மன் சண்டைக்கு முன்னால் ஒரு மார்க் பன்னிரண்டு அணா, இப்போது ஒரு ரூபாய்க்கு நாற்பது மார்க் கிடைக்கிறது, அந்தத் தேசம் எழுந்து நின்றால் பழைய விலை வந்தே தீரும் என்று எழுதியிருந்தாய். சாயச் சரக்கு இறக்குமதி செய்கிற கம்பெனியில் இருக்கிறவன், வெள்ளைக்காரர்களோடு பழகுகிறவன், நமக்குத் தெரியாதது உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உன் தங்கை கனகலட்சுமி கலியாணத்துக்கு வைத்திருந்த அறுநூறு ரூபாயை அனுப்பினேன். நீயும் இருபத்துநாலாயிரம் மார்க் நோட்டை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாய். பழைய விலைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் என்று கணக்குப் போட்டு அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. இருபது வருஷமாக ஜெர்மனிக்காரர் சாயத்தை வாங்கித் தோய்க்கிறேன், ஒரு நூல் வெளுத்தது என்று எவனும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை, அவர்கள் நோட்டு மட்டும் வெளுக்குமா என்று நம்பினேன். அடுத்த ஆடியில் ரூபாய்க்கு நூற்றுநாற்பது என்றார்கள், போன தைக்கு ஐயாயிரம் என்றார்கள், ஆவணியில் லட்சக்கணக்கு. அப்போதும் நீ பொறுங்கள் பொறுங்கள் என்றே எழுதினாய். உன் சம்பளத்திலும் போட்டிருப்பாய், நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் நோட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு பாங்கிக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லிப் பத்திரிகையைப் பிரித்துப் படித்துக் காட்டினான். ஜெர்மனியில் புது மார்க் போட்டுவிட்டார்களாம், லட்சம் கோடி பழைய மார்க் கொடுத்தால் ஒரு புது மார்க்காம். அந்தப் புது மார்க் என்ன விலை என்று கேட்டேன். கிட்டத்தட்டப் பன்னிரண்டு அணா ஐயா என்றான். நீ சொன்னது பலித்துவிட்டது, சந்தோஷப்பட்டுக்கொள். பன்னிரண்டணா மார்க் வந்துவிட்டது, நம்மிடம் இருப்பதுதான் அது இல்லை. என் பங்குக்கு ஒரு தம்பிடியாவது தேறுமா என்று கேட்டதற்கு அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

என் பணம் போனதுகூடப் பெரிதில்லை. நம் பட்டறையில் சாயத்தொட்டி பார்க்கிற சோணையை நினைவிருக்கும், திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே ஊர். மழை இல்லாமல் ஜோடி மாட்டை விற்ற எண்பது ரூபாயைக் கொண்டுவந்து, தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் மொதலாளி, என்னையும் சேத்துக்கங்க என்று கொடுத்தான். அதையும் அடுத்த தபாலில் உனக்கு அனுப்பினேன். பாங்கியிலிருந்து வந்து அவனிடம்தான் முதலில் சொன்னேன். அம்புட்டும் போச்சா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். ஆமாம் என்றேன். கையில் இருந்த நூலைத் தோய்த்துப் பிழிந்து, அந்தத் தொட்டி வேலையை முடித்தான். பிறகு வந்து, அந்த நோட்டுல ஒண்ணு குடுங்க, நான் குடிச்சே அழிச்சேன்னு ஒச்சாயி சொல்லுவா, காட்டணும் என்றான். ஒச்சாயி அவன் பெண்சாதி. கட்டிலிருந்து ஒரு நோட்டை உருவிக் கொடுத்தேன் துளசி.

மறுநாள் பெரிய செம்புக் கொப்பரையை விற்று அவன் முன்னால் எண்பது ரூபாயை வைத்தேன். வேண்டாம் என்றவன் கையில் திணித்தேன். கடமை தீர்ந்தது என்று நினைத்தால் அடுத்த நாள் ஒச்சாயியே வாசலில் வந்து நின்று, அதே மாதிரி சோடி இப்ப நூத்தி இருவது சொல்றாக, இந்த எம்பதுக்கு எதைப் பிடிக்க என்று உன் அம்மாவிடம் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தாலாவது பதில் சொல்லலாம். மீதி நாற்பதை மாதம் ஐந்து ரூபாயாக நீ அவர்களுக்கு அனுப்ப வேண்டும். மணியார்டரில் சோணை பெயரையே போடு, பட்டறை விலாசம் போதும்.

மாப்பிள்ளை வீட்டார் வைகாசியில் முகூர்த்தம் கேட்டார்கள். அடுத்த தைக்குத் தள்ளச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன், சம்மதித்தார்களா என்று இன்னும் தெரியவில்லை. கனகலட்சுமி ஏன் அப்பா என்றாள். சாய வியாபாரம் மந்தம் என்று பொய் சொன்னேன். நம்பிக்கொண்டு, கட்டுகிற புடவையே போதும் எனக்குப் புதிது வேண்டாம் என்கிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யோசனை சொன்னது நீ, ஆசைப்பட்டது நான். தப்பு இரண்டு பேருடையதும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அண்ணன், நீ எழுது. பிராங்க், டாலர் எதுவும் வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுது. எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள்.

வேளைக்குச் சாப்பிடு, கடன் வாங்காதே, ஆபீசில் கூட வேலை செய்கிறவர்களுக்கு யோசனை சொல்லாதே. சௌந்தரராஜப் பெருமாள் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நன்றாக இரு.

கடிதத்தை உன் தங்கை பெயருக்கே போடு. என் பெயருக்குப் போட்டால் நான் பிரித்துப் படித்துவிட்டு அவளிடம் கொடுக்காமல் இருந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
லட்சுமிநாராயணன்