வினிகரில் வாய் கொப்பளிக்காதே

சிங்ஷூ, ஷான்சி

அன்பு மகள் யூஃபென்னுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே நீயும் உன் புது முன்பல் இரண்டும் நலமா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலில் இதைக் கேள், லாரிக்கார கோவிடம் அப்பா கொடுத்தனுப்பிய வினிகர் ஜாடி வந்திருந்தால் அதைத் திறக்காதே. "பல்லுக்குக் கேப் ஒட்டின அன்னைக்கே வாய் நிறைய ஊத்தி அடக்கி வச்சுக்கச் சொல்லுப்பா, பல்லு பாறையா நிக்கும்" என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாரே, அதைச் செய்யவே செய்யாதே. நேற்று நூடுல்ஸ் உறிஞ்சும்போது அவருடைய கடைவாய்ப் பல் கேப் கழன்று கிண்ணத்தில் விழுந்தது, கல் என்று நினைத்து என் சமையலைத் திட்டினார், பிறகு வாயைத் தடவிப் பார்த்து அடங்கினார். பல் டாக்டர் ஹோ அம்மா அதைத் திருப்பிப் பார்த்து, "உள்ளே ஒட்டியிருந்த சிமெண்ட்டே காணோமே, வினிகரை வாயில ஊறப்போடுறீங்களா ஐயா?" என்று கேட்க, இந்த மனுஷன், "வினிகருக்குப் பேர்போன ஷான்சிக்காரன் பின்னே பாலையா ஊறப்போடுவான்?" என்கிறார். அந்த அம்மா சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான், கடுமையான அமிலம் என்றால் உடனே துப்பிவிடுவோமாம், நாக்குக்கு இதமான லேசான புளிப்பைத்தான் வாயில் தங்க விடுகிறோமாம், அது கேப் விளிம்பில் கசிந்து சிமெண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுமாம், புதிதாக ஒட்டியது இறுகுமுன் பட்டால் இன்னும் மோசமாம். அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் நம் ஊர்க் கறுப்பு வினிகரைவிடக் கறுத்துப்போனது, "ஐயோ, பிள்ளைக்கு அனுப்பிட்டேனே" என்றார்.

சைக்கிளிலிருந்து விழுந்து நீ பல்லை உடைத்துக்கொண்டபோதே, வரவேற்பு மேசையிலிருந்து துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்றார்களாமே நீ வேலை பார்க்கும் ஓட்டலில். இப்போது நீ விருந்தாளிக்கு வணக்கம் சொல்ல, பல் முந்திக்கொண்டு அவர் பெட்டியில் ஏறினால் என்ன செய்வாய்? அங்கே போன் போட்டால் வேலையாட்களைக் கூப்பிட மாட்டோம் என்கிறார்கள், அதனால்தான் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். அப்பா நேற்றிலிருந்து வினிகர் ஊற்றாமல் வெறும் நூடுல்ஸ்தான் தின்கிறார். "என்னங்க, வாயில அடக்காதீங்கன்னுதானே சொன்னாங்க, ஒரு சொட்டு ஊத்திக்கிட்டா என்ன?" என்றால், "அவ பல்லு நிக்குதான்னு தெரியட்டும்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்லுகிறார். கேலி செய்வதை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் மகளே. எதைத் தின்றாலும் வெறும் தண்ணீரில் கொப்பளி, கொப்பளிக்காமல் படுக்காதே. பல் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு, இந்த மனுஷன் வினிகர் ஊற்றிச் சாப்பிடட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஷி குய்மேய்