கப்பலில் கற்பூரம் கொளுத்தியவன்

என் ஆசை மச்சானே,

மேலே போயும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டுதான் இருப்பாய். இங்கே ராயபுரத்தில் எல்லோரும் சுகம். உன் கப்பல் பயணப் புத்தகம் மறுபதிப்பு வருகிறது.

லண்டனுக்கு ஒரே கப்பலில் நீ ஊர் பார்க்கக் கிளம்பினாய், நான் தோல் வியாபாரத்துக்குக் கிளம்பினேன். துறைமுகம் தாண்டியதும் மேல்தளத்தில் ஒரு சாஸரில் கற்பூரம் ஏற்றினேன். நம் பேட்டையில் கற்பூரம் காட்டாமல் படகை இறக்குவார்களா? வெள்ளைக்கார அதிகாரி தீப்பிடித்ததென்று மணியடித்துவிட்டான். ஒரு துரைசானி குளியல் துண்டோடு ஓடிவந்தாள்.

அதை நீ ஒரு முழு அத்தியாயமாக எழுதிவிட்டாய். அப்புறம் மீன் வாங்கப் போனால்கூட, "இன்னா கற்பூரம், சௌக்கியமா கீறியா?" என்றுதான் கேட்டார்கள். கோபத்தில் இரண்டு மாதம் உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீயே தேடி வந்து, "அடுத்த பதிப்புல தூக்கிடறேன் மச்சான். உன்னவிட புஸ்தகமா பெருசு?" என்றாய்.

போன வாரம் தங்கச்சி அச்சுப் படிகளைக் கையில் கொடுத்தாள். படுக்கையில் கிடந்தபோதும் மறக்காமல் சிவப்பு மையால் அடித்திருக்கிறாய். அந்த அத்தியாயம் மட்டுமா? நான் வந்த இடமெல்லாம் போய்விட்டது. கொழும்பிலும் ஏடனிலும் நீ தனியாக நடக்கிறாய். சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து தனியாகச் சிரிக்கிறாய். எனக்குத் தாங்கவில்லை, மச்சான். ஒரு வேளையாவது என்னை விட்டுச் சாப்பிட்டாயா நீ?

தங்கச்சி விடவில்லை. "நீ கேட்டேன்னுதானே அவரு அடிச்சு வுட்டாரு. இப்ப இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற?" என்றாள். பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன்.

"மெஷின்ல ஏத்தற நேரத்துல வந்து பேஜாரு பண்றியே சார்!" என்று அச்சுக்கோப்பவர் கத்தினார்.

"அந்தக் கற்பூரம் நான்தாம்பா," என்றேன்.

"நீயா அது?" என்று சிரித்தபடி எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அடித்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் பழையபடி கோக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ கொடுத்த வாக்கை நான் உடைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பதிலுக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன். ஊரே சிரித்தாலும் சரி, இனி அந்தக் கப்பலை விட்டு நான் இறங்கமாட்டேன்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
அந்த மேஜையில் உன் பக்கத்து நாற்காலிக்காரன்