கம்பி கட்டிய தென்னைகள்

மஸ்கட், டிசம்பர் 1978

அன்புள்ள ஹாஜறா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? புயலால் நமக்கு ஒன்றுமில்லை என்று நீ எழுதியதை நம்பியிருந்தேன்.

நேற்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு எங்கள் இஞ்சினியரின் அமெச்சூர் ரேடியோவில், பொழுதுபட்டால்தான் ஊர்வரை எட்டும் அந்தத் தாழ்ந்த அலைவரிசையில், கல்முனை அமிர்தலிங்கத்தின் குரல் வந்தது. நம் வளவுத் தென்னைகளில் தன் ரேடியோவுக்கு ஏரியல் கம்பி கட்டியவர்தான். சந்தோசத்தில், "அண்ணன், கம்பி நிக்கிதா?" என்று கேட்டேன்.

"தென்னையே இல்ல தம்பி. ரெண்டும் உங்கட வீட்டுக்கு மேல விழுந்து கிடக்கு. உங்கட வீட்டு ஆக்கள் தங்கியிருக்கிற பள்ளிக்கூடத்துலதான் இப்ப கம்பியக் கட்டிக் கதைக்கிறன்."

மைக்கை இஞ்சினியரிடம் கொடுத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். வேலைக்குப் போகும் வேனுக்குக் காத்திருந்து மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், யோசிக்காதே.

பிள்ளைகளின் கால் அளவை நூலில் எடுத்து அனுப்பு, சப்பாத்து வாங்க வேண்டும். வேன் வந்துவிட்டது. சுகம் என்று எழுதினாயே, அந்தப் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் இருந்தா எழுதினாய், புள்ள?

காலிதீன்