காலில் கட்டச் சொன்ன பை

சிவகாசி
கார்த்திகை 9

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் சுகந்தானே என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை மனசு வரவில்லை பாப்பா, உன் இடது கை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஆமாம், எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா மேல் கோபப்படாதே, மூன்று வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது நான்தான், நெதர்லாந்தில் இன்னும் மழை விடவில்லையாம், சைக்கிளில் போகும்போது ஷூவுக்கு மேலே காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி பிள்ளைக்கு ஞாபகப்படுத்து என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னுமா அதையே சொல்லுதீக? நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் அவ பையைக் கட்டிக்கிட்டுப் போயி, அது பெடல்ல சிக்கி, ரோட்டுல விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டு இருக்கா. அப்பாகிட்ட சொல்லிராதம்மா, தாங்க மாட்டாகன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா" என்று அழுதாள். கட்டுப் போட்ட கையோடு லேப் பரீட்சை செய்ய முடியாமல் போனதையும், அந்தப் பாடத்தை அடுத்த வருஷம் திரும்பப் படிக்க வேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன்.

மறுநாள் பிரஸ்ஸுக்குப் போனேன். காலண்டர் சீசன், இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, எதிலும் புத்தி நிற்கவில்லை. மத்தியானம் தூறல் பிடித்ததும் கட்டிங் மெஷின் மாரிசாமியின் சைக்கிளைக் கேட்டு வாங்கி, பிரஸ்ஸில் கிடந்த இரண்டு பாலிதீன் பைகளை ஷூவோடு சேர்த்துக் கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு நாரணாபுரம் ரோட்டில் ஏறினேன். மழை கொஞ்சம் வலுத்ததும் பெடலில் கால் வழுக்க ஆரம்பித்தது. பேன்ட் வழியாக இறங்கிய தண்ணீர் பைக்குள்ளேயே போய்த் தேங்கி, கால் நனையாமல் இருக்கத்தான் கட்டினேனா, தண்ணீரை மொண்டு வைக்கக் கட்டினேனா என்று ஆகிவிட்டது. ஒரு பர்லாங்கு போவதற்குள் பையின் காது பெடலில் சுற்றி இழுத்தது. நல்லவேளை, பக்கத்தில் மண் திட்டு இருந்தது, காலை ஊன்றிவிட்டேன். உனக்கு அங்கே ஊன்ற என்ன இருந்தது, பின்னால் என்ன வண்டி வந்தது, யார் தூக்கிவிட்டார்கள் என்று ஒன்றும் தெரியாமல் அந்த மழையிலேயே நின்றேன். பிரஸ் வாசலில் இருந்து பார்த்த மாரிசாமி குடையோடு ஓடி வந்து, "அண்ணாச்சி, இதை யாரு உங்களைக் கால்ல கட்டச் சொன்னா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "நாமெல்லாம் கட்டிங் வேலைக்கு வாரப்ப செருப்பைக் கழட்டி ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு வெறுங்காலோடதான வருவோம், உங்களுக்கு மறந்துபோச்சா?" என்றார்.

மறக்கவில்லை பாப்பா. அதைத்தான் எழுத வந்தேன். நான் இருபது வருஷம் இப்படித்தான் பை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன், ஒரு நாள் கால் நனைந்ததில்லை என்று உன்னிடம் போனில் சொன்னேனே, அது பொய். என் வாழ்நாளில் ஒரு தடவைகூட அப்படிக் கட்டியதில்லை. ஈரச் சாக்ஸோடு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், கால் விறைக்கிறது, கடையில் ஷூவுக்கு மேலே மாட்டுகிற மழை உறை இருக்கிறது, வாங்கட்டுமா என்று நீ கேட்டாய். வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். உன் படிப்பு எனக்குப் புரிவதில்லை, அந்த ஊர் தெரியாது, நீ பேசுகிற பாதி விஷயத்துக்கு ம் கொட்டுவதோடு சரி. சைக்கிள், மழை என்றதும் இது எனக்குத் தெரிந்த சமாச்சாரம் என்று சந்தோஷம் வந்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ நம்பிவிட்டாய்.

அதைவிட ஒன்று உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, அப்போது எனக்கு எல்லாம் தெரியும். நீ முகத்தை மட்டும் காட்டினாய், கை தெரியாதபடி போனை எங்கேயோ சாய்த்து வைத்திருந்தாய். மழை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இங்க மழையே இல்லப்பா" என்று சிரித்தாய். உன் பின்னால் ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்போதாவது கேட்டிருக்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் போனில் சொல்ல முடியாததைக் கடிதத்தில் எழுதுகிறேன். தப்பு என்னுடையது, என்னை மன்னித்துக்கொள்.

இங்கிருந்து நான் எதுவும் வாங்கி அனுப்பவில்லை. அந்த மழைக்கு எது தாங்கும் என்று அந்த ஊர்க் கடைக்காரருக்குத் தெரியும், அவர் சொல்கிறதை வாங்கு. மழைக்குப் போடுகிற பேன்ட்டை ஷூ உறைக்கு மேலே விட்டுக்கொள், உள்ளே சொருகாதே, தண்ணீர் வெளியே வடிந்து போகும். இதை நான் காதை வெட்டிய பையைக் கட்டி மறுபடியும் சைக்கிள் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் வைத்துக்கொள். கட்டுப் பிரித்த பிறகும் டாக்டர் சொல்கிற வரைக்கும் சைக்கிளைத் தொடாதே, பஸ்ஸில் போ. பாடத்தை அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம், அதை நினைத்து மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இருக்கன்குடி மாரியாத்தா உன் கூடவே இருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்று வீடியோவில் கூப்பிட்டு அந்தக் கையைக் காட்டு. இனிமேல் எங்கே விழுந்தாலும், அது என்னால் என்றாலும், முதலில் என்னிடம் சொல் தாயி.

உன் அன்பு அப்பா,
செந்தூர்பாண்டி