மூணாவது ஞாயிறு

அன்புள்ள மவளுக்கு,

எனக்கா புத்தி கலங்கிடுச்சு? அறுபத்தெட்டு வயசுல கண்ணாலம் கட்டினா பைத்தியம்னு எந்த டாக்டரு சொன்னான்?

ராயபுரம் மாதா கோயில்ல மூணு ஞாயிறு உன் கண்ணால அறிவிப்பு ஓலையைப் படிச்சி, தடை இருக்கான்னு கேட்டப்ப, மாப்ள மூஞ்சியப் பாத்து எனக்கும் எந்திரிச்சி தடை சொல்லணும்னுதான் இருந்துச்சு. நீ சிரிச்சிகினு இருந்தே. கம்முனு உக்காந்துட்டேன்.

செசிலியும் என்னாட்டம் துணையை இழந்தவ. பழவேற்காடு ஏரிக்கரையில நண்டு விக்கிறா. அவளுக்கோசரம் அங்கயே வூடு பாத்து, சுண்ணாம்பு அடிச்சேன். உங்கம்மா படம் மாட்ட ஆணி அடிச்சப்ப, எடம் காட்டுனதே அவதான்.

மூணாவது ஞாயிறும் பழவேற்காடு கோயில்ல சாமியார் எங்க ஓலையைப் படிச்சிட்டு, "தடை இருந்தா சொல்லலாம்"னாரு. யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. நீ ரயிலு, பஸ்ஸுன்னு மாறி வந்து தொறந்தே.

"எங்கப்பாவுக்கு புத்தி சரியில்ல ஃபாதர்."

இதெல்லாம் ஒரு தடையே இல்லன்னுட்டாரு அவரு. ஆனா செசிலி முக்காட்டை இழுத்துகினு வெளிய போயிட்டா. நான் பின்னாலயே ஓடினேன்.

"பெத்த பொண்ணு வயிறு எரிய நான் வாழணுமா?"

"செசிலி, நில்லும்மா. அவ சின்னதுல இருந்தே அப்டித்தான், நான் இன்னா சொல்றேன்னா..."

நான் சொல்லி முடிக்கல. அவ ஏரிக்கு அந்தாண்ட போற படகுல ஏறிட்டா.

இப்படிக்கு,
உன் அப்பன்