வடக்கு வாசல் பூமாலை

அன்பு லவினியா,

நீயும் குழந்தைகளும் சுகந்தானே? உன் இடுப்பு வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை, கணுக்கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

இந்த டெக்சாஸ் ஊரில் மாவட்ட நீதிமன்றத்தைச் சதுக்கத்தின் நடுவில், நான்கு பக்கமும் வாசல் வைத்துக் கட்டுகிறோம். எந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கும் கட்டடம் முதுகு காட்டக் கூடாதாம். நான்கு வாசலுக்கும் ஒரே மாதிரி கல் பூமாலை செதுக்கினேன். தெற்கில் வெயில் படுவதால் பூ எடுப்பாகத் தெரிகிறது. வடக்கில் வெயிலே விழாது.

வடக்கே தபால் நிலையம் நடத்தும் ஹாஸ்கெல் வந்து நின்றார். "ஏன்யா, தெக்குக்காரன் என்னத்த ஊத்திக் குடுத்தான்? எங்களுக்கு மட்டும் சப்பைப் பூவா?"

வம்பு வேண்டாமென்று வடக்குப் பூவை இன்னும் ஆழமாக வெட்டினேன். பிறகு வானம் மூடியது. வெயில் இல்லாமல் தெற்குப் பூ மங்கிப்போக, அந்தப் பக்கத்து இரும்புக்கடை துர்மன் ஓடிவந்தார். "அடப்பாவி, வடக்குக்கு விலை போயிட்டியா!"

மறுநாள் தெற்குச் சாரத்தில் கயிறு அறுந்து லேசாகச் சறுக்கினேன். பழைய கயிறாக இருக்கும். அறுந்த முனை மட்டும் கத்தி பட்டதுபோல் நேராக இருக்கிறது.

நல்ல கயிறு ஒரு சுருள் அனுப்பு. இங்கே கயிறு விற்பவரும் துர்மன்தான். கம்பளிக் காலுறையும், சின்னவள் கிறுக்கிய தாள் ஏதாவது இருந்தால் அதுவும் வை.

தபால் வண்டி வந்துவிட்டது. இதை ஹாஸ்கெல் கையில்தான் கொடுக்க வேண்டும்.

ஹாஸ்கெல் ஐயா, வடக்கு வாசல்தான் அழகு. படித்து முடித்ததும் உறையை ஒட்டி அனுப்பிவிடுங்கள்.

உன்
ஓபதியா