அடி வாங்கின திருகு

ஆகஸ்ட் 24
நேற்று நண்டு விருந்து. தலை இன்னும் கனக்கிறது. குடித்தால் என் வாய் சும்மா இருக்குமா? விழுந்த பல்லுக்கு வேராகத் தாடையில் பதிக்கிற டைட்டானியம் திருகுகள் மேல் பொடிமணலை வீசி அடித்து, அமிலத்தில் முக்கி எடுப்பது என் பிழைப்பு. "வழவழன்னு இருக்கிறதை எலும்பு அவ்வளவா மதிக்காது. அடி வாங்கினதைத்தான் இறுக்கிப் பிடிக்கும்!" என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், தங்கை ஸோல்வெய்க் தவிர. ஷெல், அவள் புருஷன், தன் கோப்பையைத் தூக்கி, "மச்சான், இதைத்தான் நானும் வீட்ல சொல்றேன்" என்றான். அதற்கும் சிரித்தேன்.

செப்டம்பர் 5
ஸோல்வெய்க்கின் கீழ்க் கடைவாய்ப் பல் வேரோடு பிளந்திருக்கிறது. சைக்கிளிலிருந்து விழுந்தாளாம். சைக்கிளில் விழுந்தவள் கழுத்தில் நாலு விரல் பதியுமா? அதட்டிக் கேட்டேன். அழுதுவிட்டாள்.
"ஒவ்வொரு அடிக்கும் உன் பேச்சைத்தான் சொன்னான் அண்ணா. அடி வாங்கினாத்தான் பிடிக்கும், உன் அண்ணனே சொல்லியிருக்கான்னு."
என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

செப்டம்பர் 8
பல் டாக்டர் வேரைப் பிடுங்கி அதே குழியில் திருகு போட்டுவிட்டார். எங்கள் திருகு, நான் மணல் அடித்த சரக்கு. இனி என் வீட்டில்தான் இருப்பாள்.

செப்டம்பர் 29
மூன்றாவது வாரம். இதுதான் பயம் – பழைய எலும்பின் பிடி தளரும், புது எலும்பு சரியாக வந்திருக்காது. கஞ்சிதான் கொடுக்கிறேன். ஷெல் தினமும் போனில் அழுகிறான். இவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள்.

அக்டோபர் 21
அவனிடமே போய்விட்டாள். "மாறிட்டான் அண்ணா."
மயிரு மாறினான்.

அக்டோபர் 26
அதே தாடையில் குத்தியிருக்கிறான். திருகு எலும்போடு பெயர்ந்துவிட்டது. டாக்டர் அதை எடுத்துச் சின்ன சீசாவில் போட்டுக் கொடுத்தார். நேரே அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மூக்கில் விட்டேன், நொறுங்குகிற சத்தம் கேட்டது. விழுந்தவனை மறுபடியும், மறுபடியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இழுத்திராவிட்டால் கொன்றிருப்பேன். என் விரல் இரண்டு முறிந்திருக்கிறது. வருத்தமா? துளியும் இல்லை.

அக்டோபர் 28
போலீசில் அவன் சொன்னதாவது: "நான் அவளைத் தொடவே இல்ல. அவங்க அண்ணன் செஞ்ச திருகு எலும்புல ஒட்டல, தானா கழண்டுச்சு. அடி வாங்கினது நான்தான், மூக்கைப் பாருங்க."
என் கோபமே அவனுக்குச் சாட்சி ஆகிவிட்டது. முட்டாள். முட்டாள்.

அக்டோபர் 30
சீசாவை வேலைக்கு எடுத்துப் போனேன். போனவன் என்ன செய்தேன்? திருகை நேரே கழுவும் தொட்டியில் போட்டேன்! இருபது வருஷப் பழக்கம், வாயிலிருந்து வந்த எதையும் கழுவித்தான் பார்ப்போம். சுவிட்சில் கை போனபோது குனில்லா – எங்கள் நுண்ணோக்கிக்காரி – புறங்கையில் பளாரென்று அடித்தாள்.
"அறிவிருக்காடா உனக்கு? கழுவிட்டா பார்க்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"
நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். மணல் அடித்த பள்ளங்களிலெல்லாம் புது எலும்பு, பிய்ந்த விளிம்போடு.
"ஒட்டாத திருகு சுத்தமா வரும். இது எலும்பைப் பிச்சுக்கிட்டு வந்திருக்கு. ஓங்கிக் குத்தாம இப்படி ஆகாது. ஆனா நீ அண்ணன், நாம சொன்னா எடுபடாது. போலீஸ்ல கொடு, வெளி ஆளுங்க பார்க்கட்டும்."
சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னதும், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸோல்வெய்க் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்போ அது பிடிச்சிருந்துச்சா அண்ணா?"
பிடிச்சிருந்துச்சும்மா. நல்லாவே பிடிச்சிருந்துச்சு.

பிப்ரவரி 12
தீர்ப்பு. வெளி ஆய்வகமும் அதையேதான் எழுதியிருந்தது. ஷெல்லுக்கு ஒன்றரை வருஷம். எனக்கு ஒரு மாதம். செய்ததற்குச் சரிதான்.

மார்ச் 30
தாடை ஆறிவிட்டது. இன்று புதுத் திருகு.

ஆகஸ்ட் 22
நண்டு விருந்து. நான் வாயே திறக்கவில்லை. ஸோல்வெய்க் நண்டுக் கொடுக்கு ஒன்றைப் புதுப் பல்லில் வைத்துக் கடக்கென்று உடைத்தாள். சாற்றை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:
"அடி வாங்கின திருகு பிடிச்சுக்கிச்சு. அடி வாங்கின நான் விட்டுட்டேன்."
குனில்லா கோப்பையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.